"இறங்கினா ரெயில்" என்று சொல்லி எங்கள் அம்மாமாரை அனுப்பாதீர்கள்

திருகோணமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விமானச் சீட்டு விற்கும் பயண முகவர்களுக்கு,

கடந்த வாரம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அம்மா தன் பயணத் தாள்களைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். வயது அறுபத்தெட்டு. ஜேர்மனியில் இருக்கும் மகளுக்குப் பிள்ளைப்பேறு என்பதால் உதவிக்குப் போகிறார். தனியாகத்தான் போகிறார். பிராங்பேர்ட்டில் இறங்கி, விமான நிலையத்திலேயே ரெயில் ஏறி, டோர்ட்முண்டுக்குப் போக வேண்டும். விமானம் தரைதொடும் நேரத்துக்கும் ரெயில் புறப்படும் நேரத்துக்கும் இடையில் எழுபது நிமிடம் இருந்தது. "காணும்தானே பிள்ளை? ஸ்ரேசன் எயார்போட்டுக்கு உள்ளுக்கையாம், இறங்கினா ரெயிலாம்" என்றார்.

அந்த வசனத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 2024 ஆகஸ்ட் விடுமுறையில் நானும் அம்மாவும் டோர்ட்முண்டில் இருக்கும் தங்கச்சியிடம் போனபோது, இதே ஊரில் சீட்டுத் தந்தவர் என்னிடமும் அதையேதான் சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது எண்பது நிமிடம். அது போதவில்லை. திரும்பி வந்த அடுத்த கிழமையே அந்த அலுவலகத்துக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "ரிக்கற் சரியாத்தானே தந்தனாங்கள் ரீச்சர். ரெயிலைப் பிடிக்கிறது உங்கட பொறுப்பு" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் போய்விட்டது. எண்பது நிமிடம் இப்போது எழுபதாகியிருக்கிறது. துணைக்கு நான் இருந்த இடத்தில் இப்போது ஒருவரும் இல்லை.

அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அலுவலகங்களின் பெயரை எழுதவில்லை. என் சீட்டும் பக்கத்து வீட்டு அம்மாவின் சீட்டும் வேறு வேறு இடங்களில் வாங்கியவை. இரண்டு இடத்திலும் ஒரே பேச்சுத்தான் என்றால், இது உங்களில் ஒருவரோடு மட்டும் நிற்கிற விஷயமல்ல.

முதலில், யாரை அனுப்புகிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் அம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. அவருக்குத் தெரிந்த ரெயில் மாற்றம் கல்ஓயாச் சந்திதான். மட்டக்களப்புப் பாதையும் எங்கள் பாதையும் பிரிகிற அந்த இடத்தில், ஒருமுறை மாறி ஏறியதை இன்றைக்கும் பெரிய கதையாகச் சொல்வார். எங்கள் ஊர் நிலையமோ பாதையின் முடிவில் இருக்கிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. நின்றுகொண்டிருக்கும் கோச்சி கொழும்புக் கோச்சி என்று குழந்தைக்கும் தெரியும். எந்த நிலையம், எந்த மேடை என்ற கேள்வியே அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. அப்படி ஒருவர் இரவு வானில் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று தூங்காமல் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்து, வளைகுடாவில் விமானம் மாறி, இன்னும் ஆறேழு மணித்தியாலம் பறந்து, கால் வீங்கி இறங்குகிறார். பிராங்பேர்ட் விமான நிலையத்தை 2024-இல் பயன்படுத்தியவர்கள் 6 கோடியே 16 இலட்சம் பேர். அது இலங்கையின் சனத்தொகையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அங்கே இறங்கிய நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலச் சொச்சத்தில் அவர் ரெயிலில் இருக்க வேண்டும் என்பதுதான் நீங்கள் போட்டுக் கொடுக்கும் கணக்கு.

எங்கள் எண்பது நிமிடம் எங்கே போனது என்று சொல்கிறேன். பகல் 1.10-க்கு இறங்க வேண்டிய விமானம் 1.15-க்கு இறங்கியது. அதைத் தாமதம் என்றே சொல்ல முடியாது. ஆனால் விமானம் ஓடுபாதையிலிருந்து ஊர்ந்து வந்து நிற்கவும், கதவு திறக்கவும், முன்னால் இருப்பவர்கள் மேல்தட்டிலிருந்து பைகளை இறக்கி நகரவும் 1.35 ஆகிவிட்டது. பிறகு நடை. அம்மா இரண்டு தடவை சுவரோடு சாய்ந்து நின்றார். கடவுச்சீட்டுப் பரிசோதனையில் ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு இன்னொன்று. எங்களுடையது எந்த வரிசை என்று சொல்லத் தேவையில்லை. அழைப்புக் கடிதம், காப்புறுதி, திரும்பும் சீட்டு எல்லாவற்றையும் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். நாங்கள் வெளியே வந்தபோது 2.12. பயணப் பொதிகள் பட்டையில் சுற்றிக்கொண்டிருந்ததால் அங்கே நேரம் போகவில்லை. முப்பது கிலோ சூட்கேஸ் இரண்டு, கைப்பை இரண்டு, அதோடு அம்மா. சுங்கப் பகுதியைக் கடந்து மண்டபத்துக்கு வரும்போது 2.20. ரெயில் 2.30-க்கு.

இதுவரை நடந்ததில் யார் பிழையும் இல்லை. பெரிய விமான நிலையத்தில் ஒரு சாதாரண நாள் இப்படித்தான் போகும். எண்பது நிமிடத்தில் எழுபது இப்படிச் சாதாரணமாகவே கரைந்துவிடும் என்பதை, நாள்தோறும் சீட்டுப் போடுகிற நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

பிறகு நடந்ததுதான் என்னை இன்றைக்கும் வருத்துகிறது. நாங்கள் இறங்கியது முனையம் 2. ரெயில் நிலையங்கள் இருப்பதோ முனையம் 1 பக்கத்தில். நிலையங்கள் என்று பன்மையில் சொல்கிறேன். அங்கே இரண்டு உண்டு. ஒன்று முனையம் 1-க்கு அடியில், நிலத்துக்குக் கீழே. மேடை 1 முதல் 3 வரை. நகருக்கும் அயலூர்களுக்கும் போகிற எஸ் 8, எஸ் 9 போன்ற ரெயில்கள் அங்கே நிற்கும். அதன் பெயர் 'ரெகியோனால்பான்ஹோஃப்'. மற்றது 1999-இல் திறந்த நெடுந்தூர நிலையம், 'ஃபேர்ன்பான்ஹோஃப்'. அது முனையத்துக்கு வெளியே, நெடுஞ்சாலைப் பக்கமாக, 660 மீற்றர் நீளமான ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குக் கீழே இருக்கிறது. மேடை 4 முதல் 7 வரை. டோர்ட்முண்ட், கேல்ன் (கொலோன்), ஸ்ருட்கார்ட், முன்சன் (மியூனிக்) என்று எங்கள் ஆட்கள் போகிற ஊர்களுக்கான அதிவேக ரெயில்கள் இங்கேதான் நிற்கும். முனையம் 1-இலிருந்து மூடிய நடைபாலத்தால் அதற்குப் போக வேண்டும்.

எங்கள் சீட்டில் இது எழுதியிருந்தது. பிராங்பேர்ட் விமான நிலையம் என்பதற்குப் பக்கத்தில் 'ஃபேர்ன்பிஎஃப்' என்று ஒரு சுருக்கெழுத்து. ஜேர்மன் தெரிந்தவருக்கு அது நெடுந்தூர நிலையம் என்று விளங்கும். எனக்கு அது ஏதோ கணினிக் குறியீடு மாதிரித்தான் தெரிந்தது. சீட்டைத் தந்தவர் அந்த ஒரு சொல்லைப் பேனையால் சுற்றி வட்டம் போட்டு, "இந்தப் பெயர் இருக்கிற பலகையை மட்டும் பாத்துப் போங்கோ" என்று சொல்லியிருந்தால் போதும். அரை நிமிட வேலை.

சரி, நாங்கள் இலவச ஸ்கைலைன் வண்டியில் முனையம் 1-க்கு வந்தோம். அது நல்ல வண்டி, சில நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, சாரதி இல்லாமல் தானாக ஓடுகிறது. அம்மா பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் ரெயில் படம் போட்ட பலகை ஒன்று கண்ணில் பட்டது. அதைப் பின்தொடர்ந்து ஓடும் படியில் கீழே, இன்னும் கீழே போனோம். மேடையில் ஒரு ரெயில் கதவைத் திறந்தபடி நின்றது. அம்மா "இதுதான், ஏறு ஏறு" என்றார். ஒரு சூட்கேஸை உள்ளே வைத்தும்விட்டேன். அங்கே நின்ற ஓர் இளைஞர் என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, சூட்கேஸை வெளியே இழுத்து வைத்தார். துருக்கியர் என்று நினைக்கிறேன். இது வேறு நிலையம் என்று கைகாட்டி விளக்கினார். அவர் இல்லாவிட்டால் அம்மாவின் மருந்துகளும் தங்கச்சிக்குக் கொண்டுபோன மிளகாய்த்தூளும் கருவாடும் இருந்த அந்தச் சூட்கேஸ் தனியாக வீஸ்பாடனுக்குப் போயிருக்கும்.

மறுபடி மேலே. லிப்ற் எங்கே என்று தேடி, நடைபாலம் தேடி, அந்த நீளமான பாதை முழுவதையும் கடந்து ஐந்தாம் மேடைக்கு நாங்கள் இறங்கியபோது 2.46. பலகையில் எங்கள் ரெயில் இல்லை. அன்றைக்கு அது பன்னிரண்டு நிமிடம் தாமதமாகி 2.42-க்குத்தான் புறப்பட்டிருக்கிறது. நேராக இந்த நிலையத்துக்கு வந்திருந்தால் பிடித்திருப்போம். சீட்டிலிருந்த ஒரு சொல்லை எங்களுக்கு யாரும் விளக்காததால் அதைத் தவறவிட்டோம்.

தவறவிட்டால் அடுத்த ரெயில்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சீட்டு விற்கும் கூடத்தில் இருந்த பெண் எங்கள் தாளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது 'ஸ்பார்பிரைஸ்' என்ற மலிவுச் சீட்டு. குறித்த ரெயிலுக்கு மட்டும்தான் செல்லும். விமானம் தாமதமானாலும், கடவுச்சீட்டு வரிசை நீண்டாலும் ரெயில் நிறுவனத்துக்கு அதோடு சம்பந்தமில்லை. ரெயில் தாமதமாகி, போகவேண்டிய ஊருக்கு இருபது நிமிடமோ அதற்கு மேலோ பிந்திப் போகும் என்றால்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கி வேறு ரெயிலில் ஏறலாம். எங்கள் பன்னிரண்டு நிமிடம் அதற்குப் போதவில்லை. இரண்டு பேருக்கும் புதிய சீட்டு நூற்றைம்பது யூரோவுக்கு மேல். கையிலிருந்த காசில் பெரும்பகுதி முதல் மணித்தியாலத்திலேயே போனது. இங்கேயிருந்து கொண்டுபோன சிம் அங்கே வேலை செய்யவில்லை. நிலையத்து வைஃபையில் வட்ஸ்அப் திறப்பதற்குள், டோர்ட்முண்ட் மேடையில் கைக்குழந்தையோடு நின்ற தங்கச்சி அழத் தொடங்கியிருந்தாள். அடுத்த ரெயிலில் எங்களுக்கு ஆசனப் பதிவு இல்லை. கேல்ன் வரும்வரை, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், எழுபத்து நான்கு வயது மனிசி கதவோரம் சூட்கேஸின் மேல் உட்கார்ந்து வந்தார். அந்தப் பாதையில் ரெயில் மணிக்கு 300 கிலோமீற்றர் வரை ஓடும். வளைவுகளில் அவர் விழாமலிருக்க நான் முன்னால் நின்று பிடித்துக்கொண்டு வந்தேன். "பிள்ளை, நான் வந்திருக்கக் கூடாது" என்று அவர் சொன்னார். மூன்று வருடம் காத்திருந்து, விசாவுக்கு இரண்டு தடவை கொழும்புக்கு அலைந்து, பேரப்பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கப் போன மனிசி சொன்ன வார்த்தை அது.

நான் ஆங்கிலம் படித்தவள், வயது ஐம்பது, நடக்க முடிந்தவள். எனக்கே இப்படி என்றால் தனியாகப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். என்னோடு படிப்பிக்கும் ஒருவரின் தகப்பனார் பாரிஸ் சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்தில் இறங்கி லியோனுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலேயே அதிவேக ரெயில் நிலையம் இருக்கிறது. அவருக்குப் போட்டுக் கொடுத்ததோ பாரிஸ் நகருக்குள் இருக்கும் இன்னொரு நிலையத்திலிருந்து புறப்படும் ரெயில். இரண்டிலும் 'பாரிஸ்' என்று இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. அவர் விமான நிலையத்திலேயே நாலு மணித்தியாலம் இருந்துவிட்டு, கடைசியில் உறவினர் ஒருவர் காரில் வந்து கூட்டிப்போனார். எல்லா இடமும் இப்படிச் சிக்கலானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சூரிச்சிலும் ஆம்ஸ்ரர்டாமிலும் ரெயில் நிலையம் விமான நிலையத்துக்கு நேர் கீழே, ஒன்றுதான். அங்கே போகிறவருக்கு "இறங்கினா ரெயில்" என்று நீங்கள் சொன்னால் அது பெரும்பாலும் சரி. பிராங்பேர்ட்டுக்கும் பாரிஸுக்கும் அதையே சொல்லக் கூடாது. ஒவ்வொரு விமான நிலையத்தையும் தனித்தனியாகப் படித்து வைத்திருப்பதுதான் உங்கள் தொழில் என்று நான் நம்புகிறேன். அதற்காகத்தான் நாங்கள் இணையத்தில் நாங்களே சீட்டுப் போடாமல் உங்களிடம் வந்து சேவைக் கட்டணம் கொடுக்கிறோம்.

நிலைமை அப்போதைவிட இப்போது இன்னும் கடினம். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய செங்கன் நாடுகளின் எல்லைகளில் புதிய பதிவுமுறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் கணினியில் சேர்க்கிறார்கள். முதன்முதலாகப் போகிற எங்கள் ஆட்களுக்கு அந்த மேசையில் இன்னும் கொஞ்ச நேரம் கூடும். பிராங்பேர்ட்டில் தெற்குப் பக்கமாக மூன்றாவது முனையம் ஒன்றும் கட்டியிருக்கிறார்கள். முனையம் 2-இல் இருந்த விமான நிறுவனங்கள் அங்கே மாறுவதாக அறிவித்திருக்கிறார்கள். அந்த இடம் ரெயில் நிலையத்திலிருந்து இன்னும் தூரம். ரெயில்களின் பக்கமும் நம்பி இருக்க முடியாது. ஜேர்மனியின் நெடுந்தூர ரெயில்களில் 2024-இல் நேரத்துக்கு வந்தவை 62.5 வீதம்தான், ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாக எண்ணாமலே. இவ்வளவும் தெரிந்த ஒருவர் எழுபது நிமிட இடைவெளி போட்டுக் கொடுக்க மாட்டார். தெரியாதவர் அந்த ரெயில் சீட்டை விற்கவே கூடாது.

இதற்கு மாற்று வழி இல்லாமலும் இல்லை. 'ரெயில் அண்ட் ஃபிளை' என்று ஒரு சீட்டு இருக்கிறது. பல விமான நிறுவனங்கள் விமானச் சீட்டோடு சேர்த்து அதைத் தருகின்றன, சிலவேளை சிறு மேலதிகக் கட்டணத்தோடு. அது ஒரு குறிப்பிட்ட ரெயிலோடு கட்டுப்பட்டதல்ல. ஜேர்மனியில் இறங்குகிற நாளிலும் மறுநாளிலும் எந்த ரெயிலிலும் ஏறலாம். விமானம் பிந்தினால் அடுத்ததில் போகலாம், அதுவும் போனால் அதற்கடுத்ததில். இதை நான் அறிந்ததே தங்கச்சி வீட்டுக் குசினியில் உட்கார்ந்து, அவளின் மனிசன் சொல்லித்தான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எங்களுக்கு மலிவுச் சீட்டைத் தேடித் தந்தவர் கெட்ட எண்ணத்தோடு தந்திருக்க மாட்டார். காசு மிச்சப்படும் என்று நினைத்திருப்பார். ஆனால் மலிவுச் சீட்டு எது, கட்டுப்பாடில்லாத சீட்டு எது, விலை வித்தியாசம் எவ்வளவு என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கொஞ்சம் கூடக் கொடுத்து நிம்மதியை வாங்கியிருப்போம். கேட்காமல் எங்களுக்காக முடிவெடுத்தார்கள். வில்லங்கம் வந்ததும் பொறுப்பு எங்களுடையதாகிவிட்டது.

சக்கர நாற்காலி விஷயமும் இதே மாதிரித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 என்ற சட்டவிதியின்படி, நடக்கச் சிரமப்படுகிற எவருக்கும் அங்குள்ள விமான நிலையங்களில் உதவி இலவசம். 48 மணித்தியாலத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விமான வாசலிலிருந்து கடவுச்சீட்டுப் பரிசோதனை, பொதி எடுக்கும் இடம், சுங்கம் எல்லாம் கடந்து, குறித்துவைத்த ஓர் இடம்வரை ஆள் கூட வருவார். ரெயில் நிறுவனமும் முன்கூட்டியே பதிந்தால் மேடையில் ஏற்றிவிட ஆள் அனுப்புகிறது. இரண்டையும் இணைத்துப் பதிந்திருந்தால் என் அம்மா நடந்த அந்த நடையில் முக்கால்வாசி மிச்சம். "நான் நல்லா நடப்பன், நாற்காலி என்னத்துக்கு" என்று எங்கள் அம்மாமார் சொல்வார்கள்தான். கோணேசர் கோயில் ஏற்றத்தை இன்னும் ஏறுகிறவர்கள், அவர்களுக்கு அது ரோசம். அந்த நேரத்தில் பக்குவமாக எடுத்துச் சொல்ல உங்களுக்குத்தான் வாய்ப்பு இருக்கிறது. மகளோ மகனோ பக்கத்தில் இல்லாத பலருக்கு, புறப்படும் முன் இதைப் பற்றிக் கதைக்கிற கடைசி ஆள் நீங்கள்தான்.

இனி நான் கேட்பவை.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போய் பிராங்பேர்ட், பாரிஸ் போன்ற பெரிய விமான நிலையத்தில் இறங்குகிற ஒருவருக்கு, கட்டுப்பாடுள்ள ரெயில் சீட்டை மூன்று மணித்தியாலத்துக்குக் குறைந்த இடைவெளியில் விற்காதீர்கள். முடிந்தவரை அந்த வகைச் சீட்டையே போடாதீர்கள். 'ரெயில் அண்ட் ஃபிளை' கிடைக்கிற விமானமா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் எந்த ரெயிலிலும் ஏறக்கூடிய சீட்டின் விலையையும் மலிவுச் சீட்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, எது வேண்டும் என்று எங்களிடம் கேளுங்கள். விமானம் பிந்தினால் மலிவுச் சீட்டு செல்லாது என்பதைக் காசு வாங்கும் முன் சொல்லுங்கள்.

அறுபது வயது தாண்டிய ஒவ்வொருவரிடமும் உதவி வேண்டுமா என்று கேட்டு, சீட்டுப் போடும்போதே பதியுங்கள். பதிந்ததற்கான தாளைக் கையில் கொடுங்கள்.

ஒவ்வொரு பயணிக்கும் தமிழில் ஒரு தாள் கொடுங்கள். எந்த முனையம், எந்த நிலையம், எந்தப் பலகையைப் பார்த்துப் போவது என்று அதில் இருக்கட்டும். பலகையில் இருக்கும் ஜேர்மன், பிரெஞ்சு எழுத்துகளை அப்படியே பெரிதாக அச்சடித்து, பக்கத்தில் அதன் உச்சரிப்பையும் கருத்தையும் தமிழில் எழுதுங்கள். 'கிளைஸ்' என்றால் மேடை, 'வாகன்' என்றால் பெட்டி, 'அவுஸ்காங்' என்றால் வெளியேறும் வழி. அங்கே ரெயில் நிலையத்தில் கேற் இல்லை, சீட்டை உள்ளேதான் பார்ப்பார்கள் என்பதையும் எழுதுங்கள். கேற் இருக்கும், யாராவது தடுத்துச் சரியான இடத்தைக் காட்டுவார்கள் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். அங்கே யாரும் தடுக்க மாட்டார்கள், எந்த ரெயிலிலும் ஏறிவிடலாம். இரண்டு ரெயில்களைக் கொழுவினால் நீளம் 400 மீற்றர் வரும் என்பதால், மேடையில் போட்டிருக்கும் ஏ, பி, சி எழுத்துகளைப் பார்த்துத் தங்கள் பெட்டி வரும் இடத்தில் முன்கூட்டியே நிற்க வேண்டும் என்பதும் அதில் வரட்டும். பிராங்பேர்ட்டுக்கு அப்படி ஒரு தாளை நானே எழுதி வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில் இரண்டு பக்கம், நெடுந்தூர நிலையத்துக்கான வழி படத்தோடு. யார் கேட்டாலும் இலவசமாகத் தருகிறேன், என் பெயர் அதில் வேண்டாம். பாரிஸுக்கும் இலண்டனுக்கும் எழுதக்கூடியவர்கள் எங்கள் ஊர் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டால் எழுதித் தருவார்கள்.

பயணம் செய்கிற அந்த ஒரு நாளில் வட்ஸ்அப்பில் பதில் சொல்ல உங்கள் அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். இரவு என்றாலும். சீட்டு விற்கும்போது இரவு பத்து மணிக்கும் எங்களுக்கு அழைப்பு எடுக்கிறீர்கள், ஆகவே இது உங்களால் முடியாததல்ல.

கடைசியாக, எங்கள் ஒழுங்கை அம்மாவின் சீட்டு. அவர் புறப்பட இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. சீட்டைத் தந்தவர் இதைப் படித்தால் அது தான்தான் என்று அவருக்குத் தெரியும். அந்த அம்மாவை நாளைக்கே கூப்பிட்டு, அந்த ரெயில் சீட்டை மாற்றிக் கொடுங்கள். மாற்றுவதற்கு ஆகும் காசை அவரிடம் வாங்காதீர்கள், எழுபது நிமிடம் என்று முடிவெடுத்தது அவர் அல்ல. சக்கர நாற்காலியையும் பதியுங்கள். அவர் வெட்கப்பட்டு வேண்டாம் என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் வந்து கதைக்கிறேன்.

ஓர் ஆசிரியை
உப்புவெளி, திருகோணமலை